நிழலுக்குப் பொருள் வேண்டும்

நிழற்படம் என்றொரு சொல் தமிழில் உண்டு. புகைப்படம் என்றும் ஒளிப்படம் என்றும் அதனையே வேறு பெயர்களாலும் வழங்குகிறோம். இம்மூன்றனுள் எது சிறந்த சொல் என்று புலவர் பெருமக்கள் வாதிடுவதைச் சங்கக் கூட்டங்களில் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அவ்வழக்கினுள் இன்று நாம் புகப்போவதில்லை. ஆயினும் நிழற்படம் என்னும் சொல்லுக்குள் ஒரு நிபந்தனை அடங்கிக் கிடப்பதை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். நிழல் என்று ஒன்று விழவேண்டுமானால், அதை விழச் செய்யும் பொருள் என்று ஒன்று நின்றாக வேண்டும். மரம் இல்லாத இடத்தில் மரநிழல் இல்லை. இந்த எளிய உண்மை மறக்கப்பட்டதால் விளைந்த ஒரு குழப்பத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு விழாவில் அண்மையில் புகைப்படக் கண்காட்சி ஒன்று வைத்திருந்தார்கள். நீர்த்தாவரங்களின் அருவப் படங்கள் என்பது தலைப்பு. பொருளை முழுதாகக் காட்டாமல், அதன் கோட்டையும் வளைவையும் வண்ணத்தையும் ஒளியையும் மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும் படத்தையே அருவப் படம் என்கிறோம். முதற்பரிசு பெற்ற படம் கண்ணைப் பறித்தது. கரிய பின்னணியில் குறையற்ற ஒரு முழு வட்டம். ஆழ்ந்த நீல நிறம். அதன்மேல் மணி மணியாக நீர்த்துளிகள். கீழே 'தாமரை இலை' என்று எழுதியிருந்தது.

கடைசிச் சுவரில், பரிசு ஏதும் பெறாத மற்றொரு படம் தொங்கிற்று. மார்கழி மாதத்துக் குளம் ஒன்று. தாமரைக் கொடி பட்டுப்போய், தண்டுகள் பழுப்பேறி முறிந்து நீரில் சாய்ந்திருந்தன. காற்றில்லாத காலை நேரம் போலும். ஒவ்வொரு தண்டும் நீரில் தெரியும் தன் நிழலோடு கூடி, ஓரிடத்தில் முக்கோணமாகவும் ஓரிடத்தில் சாய்சதுரமாகவும் நின்றது. சற்று விலகி நின்று பார்த்தால் நாம் அறியாத ஏதோ ஒரு மொழியின் எழுத்துகளை வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதி வைத்தாற்போல் இருந்தது. படம் எடுத்தவர் அதில் எதனையும் சேர்க்கவில்லை, எதனையும் நீக்கவில்லை.

முதற்பரிசு பெற்ற இளைஞர் ஒளிவு மறைவு அற்றவர். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டபோது மகிழ்ச்சியோடு விளக்கினார். அவர் எடுத்தது தாமரை இலையை அன்று, ஆம்பல் இலையை. அதன் ஓரத்திலிருந்து காம்புவரை ஓடும் பிளவு வட்டத்தின் அழகைக் கெடுத்ததால் அதைக் கணினியில் அடைத்துவிட்டார். பச்சை நிறம் எடுப்பாக இல்லாததால் நீலமாக்கினார். துளிகளை வேறொரு படத்திலிருந்து கொண்டுவந்து வைத்தார். போட்டி விதிகள் எதனையும் தடுக்கவில்லையாதலால் அவர்மேல் நமக்கு வருத்தம் ஒரு சிறிதும் இல்லை. நம் வழக்கு, நடுவர்களுள் ஒருவர் அதற்குச் சொன்ன அமைதியோடுதான். “அருவப் படத்தில் உண்மையைத் தேடுவதே தவறு. இயற்கைப் படமும் திருத்திய படமும் ஒன்றுதான். கண்ணுக்கு எது இனிதோ அதுவே சிறந்தது” என்றார் அவர். கூடியிருந்தோர் கைதட்டினர்.

அவ்வேளையில் நம் அருகே நின்ற எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாத்தாவின் கையை இழுத்து, “தாத்தா, தாமரை இலை நீலமாவா இருக்கும்? ஷாப்லா இலை பச்சைதானே?” என்று கேட்டாள். ஆம்பலை வங்காளத்தில் ஷாப்லா என்பர். வங்காளப் பெயரால் அறிந்த ஒன்றை அவள் சரியாக அறிந்திருந்தாள். தமிழ்ப் பெயரால் அறியவேண்டிய ஒன்றைத் தமிழர் விழாவிலேயே தவறாகக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினாள். நடுவரின் அமைதி நமக்கு ஏன் ஒவ்வவில்லை என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

இலையின் பிளவு

அடைக்கப்பட்ட அந்தப் பிளவு என்ன பிழை செய்தது? தாமரை இலையின் காம்பு இலையின் நடுவே வந்து பொருந்துகிறது. குடைக்குக் கம்பி பொருந்துவதைப் போல. ஆதலால் தாமரை இலை பிளவின்றி வட்டமாக விரிகிறது. வளர்ந்தபின் நீர்மட்டத்துக்கு மேலே எழுந்தும் நிற்கிறது. நம் குளங்களின் ஆம்பல், குவளை இவற்றின் இலையோ பிளவுடையது. நீர்மேல் படுத்து மிதப்பது. படிப்பறியாத உழவரும் இப்பிளவைக் கொண்டே இரண்டையும் வேறு பிரித்தறிவர். தாவர நூலார் இன்னும் ஒரு படி மேலே போய், தாமரையும் ஆம்பலும் நெருங்கிய உறவினவே அல்ல என்கின்றனர். உயிரணுக்களின் மரபுச் செய்தியை ஒப்பிட்டுப் பார்த்ததில், காசுமீரத்துச் சினார் மரமே தாமரைக்கு நெருங்கிய சுற்றம் என்று தெரியவந்தது. ஒரே குளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தும் ஒன்றுக்கொன்று அயலான இரண்டு குலங்கள் அவை.

நம் முன்னோர் நுண்நோக்கி இல்லாமலேயே இவ்வேறுபாட்டைப் போற்றினர். குறிஞ்சிப்பாட்டில் மலர்களை அடுக்கிச் செல்லும் கபிலர், தாமரை வேறு, ஆம்பல் வேறு, குவளை வேறு, நெய்தல் வேறு என்று தனித்தனியே நிறுத்துகிறார். ஒரு திணைக்கே நெய்தல் என்று பூவின் பெயரை இட்ட மரபு நம்முடையது. குவளை எது, நெய்தல் எது என்று இன்றைக்கும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைத் தீர்ப்பதற்கு இலையின் விளிம்பும் இதழின் நுனியும் காம்பின் நிறமும் அல்லவா சான்றுகள்? அச்சான்றுகளையே அழகுக்குக் குறை என்று அழித்துவிட்டால் நாளை யார் எதைக்கொண்டு தெளிவது?

வங்காளத்தாரைப் பாருங்கள். துர்க்கை பூசையில் அட்டமியும் நவமியும் கூடும் சந்திப் பூசைக்கு 108 தாமரை வேண்டும். அவ்வாரத்தில் ஹௌரா பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்குச் சென்றால் மொட்டுக் கட்டுகள் மலைபோலக் குவிந்திருப்பதைக் காணலாம். ஷாப்லாவின் தண்டோ காய்கறிக் கடையில் கட்டுக்கட்டாக விற்கப்பட்டு அடுக்களைக்குப் போகிறது. 108 ஷாப்லாவைக் கொண்டுபோய்க் கொடுத்து, “கண்ணுக்கு இனிதாகத்தானே இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான்” என்று சொன்னால் எந்தப் பூசகர் ஏற்பார்? பூசகருக்கு உள்ள கண்டிப்பு நம் நடுவருக்கு இல்லாமற்போயிற்று.

அருவம் பொய்யாகுமா?

அருவப் படத்துக்கு உண்மை வேண்டா என்னும் கூற்றை இனி நேராகவே எடுத்துக்கொள்வோம். அருவம் என்பது பொருளைத் துறப்பதன்று. பொருளின் ஓர் இயல்பில் மட்டும் மனத்தைக் குவித்து, ஏனையவற்றைப் பார்வைக்கு அப்பால் நிறுத்துவதே அருவம். நம் சைவ நூலார் அருவம், உருவம் என்ற இரண்டோடு நில்லாமல் அருவுருவம் என்று மூன்றாவது ஒன்றையும் வகுத்தனர். கண்ணுக்குப் புலனாகும், ஆயினும் முகமும் கையும் காலும் என்று பிரித்துச் சொல்ல இயலாது. நல்ல அருவப் புகைப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிட்டவில்லை. அது செடியின் அருவுருவம்.

ஹௌராவை அடுத்த சிப்பூரில், 1787-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் தோட்டத்திற்கு நம்மிற் பலர் குழந்தைகளை அழைத்துச் சென்றிருப்போம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த விக்டோரியா அல்லியின் பெருந்தட்டு இலைகளை அங்கே கண்டிருப்போம். அவ்விலையின் அடிப்புறத்தில் நடுவிலிருந்து ஆரங்களாகப் பிரிந்தோடும் தடித்த நரம்புகளும் அவற்றைக் குறுக்கே பிணைக்கும் மெல்லிய நரம்புகளும் ஒரு பெருங்கட்டடத்தின் கூரைச்சட்டம் போலவே இருக்கும். இலண்டனில் 1851-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்குப் பளிங்கு மாளிகை எழுப்பிய ஜோசஃப் பாக்ஸ்டன் இந்த நரம்பமைப்பிலிருந்தே தூண்டுதல் பெற்றதாகச் சொன்னார். அந்த நரம்புகளை மட்டும் படமெடுத்தால் அது முழுமையான அருவப் படம். இலை என்று முதற்பார்வையில் எவரும் சொல்லமாட்டார். ஆனால் ஒரே ஒரு நரம்பைக் கணினியில் இடம் மாற்றினாலும் அது பாக்ஸ்டன் கண்ட இலையாக இராது. எடையைத் தாங்கும் கணக்கு அங்கே முறிந்துபோகும். அருவத்தின் அழகு அந்த உண்மையின்மேல்தான் நிற்கிறது.

நீர்த்துளியும் அப்படியே. தாமரை இலைத் தண்ணீர் என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் உவமை. அதன் காரணத்தை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட் தம் துணைவரோடு 1997-இல் விளக்கி வெளியிட்டார். தாமரை இலையின் மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகள். அவற்றின்மேல் அதனினும் நுண்ணிய மெழுகுப் படிகங்கள். துளி அம்மேடுகளின் நுனியை மட்டுமே தொடுவதால் பரவாமல் உருண்டையாகவே நின்று, ஓடும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. ஆகவே துளியின் உருண்டை வடிவம் அந்த இலை தன்னைப்பற்றித் தானே எழுதிக்கொடுத்த சாட்சி. வேறோர் இடத்துத் துளியைக் கொணர்ந்து ஆம்பல் இலையின்மேல் ஒட்டுவது, ஒருவர் கையெழுத்தை மற்றொருவர் பத்திரத்தில் இடுவதற்கு ஒப்பாகும்.

எதிர்வாதமும் விடையும்

“திருத்தம் இல்லாத புகைப்படம் உலகில் உண்டா?” என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி, மழுப்பாமல் விடை சொல்லவேண்டும். எண்ணியல் காமிராவின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒன்றை மட்டுமே உணர்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பு அது. மற்ற இரண்டு நிறங்களையும் அண்டைப் புள்ளிகளைப் பார்த்துக் கருவி கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகக் கணக்கே இல்லாத வண்ணம் அங்கே இல்லை. கணினி வருவதற்கு முன்னும் சூது இல்லாமல் இல்லை. 1857-இலேயே ஆஸ்கர் ரெயிலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட தனித்தனிப் படங்களை ஒட்டி ஒரே படமாக்கிக் காட்டினார்.

கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொள்வோம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனை நம் நகரத்துப் பழைய தமிழர் மறந்திருக்கமாட்டார்கள். 1950 முதல் 1996-இல் மறையும்வரை கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதிவந்தவர் அவர். யானையையும் மானையும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். காட்டில் ஏது கறுப்பு வெள்ளை? அவரும் உலகை மாற்றிவிட்டார் என்று சொல்லலாமா?

இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. நம் பொருளுக்கு மிக நெருங்கியது. புகைப்படங்களைக் கொண்டு அமைந்த முதல் நூல் எதனைப் பற்றியது தெரியுமா? நீர்த்தாவரங்களைப் பற்றியதே. இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா அட்கின்ஸ் என்னும் அம்மையார் 1843-இல் வெளியிடத் தொடங்கிய பிரித்தானியக் கடற்பாசிகளின் தொகுதி அது. காமிராவே இல்லாமல், மருந்து பூசிய தாளின்மேல் பாசியை நேரே பரப்பி வெயிலில் வைத்தார். பாசி மறைத்த இடம் வெளிறி நிற்க, வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாயிற்று. கடற்பாசி வெண்ணிறமும் அன்று. கடல் அப்படி நீலமும் அன்று. அப்படங்கள் இன்று கலைக்கூடங்களில் அருவ ஓவியங்கள்போல் மதிக்கப்படுகின்றன. நீலமாக்கிய இளைஞருக்கும் நீலத்தாளில் அச்செடுத்த அட்கின்ஸுக்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு உண்டு. அதைக் கண்டறிய ஓர் எளிய சோதனையை முன்வைக்கிறோம். படத்திலிருந்து செடிக்குத் திரும்பிப்போக வழி இருக்கிறதா? அட்கின்ஸின் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு நாரும் தாளில் உள்ளபடியே பாசியில் இருக்கும். நீலம் தாள் முழுமைக்கும் பொது. அது தாளின் இயல்பு என்பதை எவரும் அறிவர். அது ஒரு கிளையைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கிருஷ்ணனின் படத்தில் நிறம் இல்லை. ஆனால் யானையின் தந்தம் இருந்த அளவே இருக்கிறது. காமிராவின் கணக்கு தனக்கு எதிரே நின்றதை மீட்டுத்தர முயல்கிறது; இல்லாததை உண்டாக்க முயலவில்லை. சட்டத்தை எங்கே வைப்பது, எவ்வளவு ஒளி விடுவது, வண்ணம் வேண்டுமா வேண்டாவா என்பனவெல்லாம் பார்ப்பவன் நிற்கும் இடத்தைப் போன்றவை. நிற்கும் இடம் மாறினால் மலை வேறாகத் தோன்றும். ஆயினும் மலை பொய்யாகிவிடாது. பிளவை அடைத்த படத்தை எடுத்துக்கொண்டு எந்தக் குளத்துக்குப் போனாலும் அவ்விலை அகப்படாது. திரும்பும் வழி அடைபட்டது. நம் வழக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

நீர்ப்பூவின் தண்டு நீரின் ஆழத்தளவே நீளும் என்பதை வள்ளுவரும் ஔவையாரும் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார்கள். புகைப்படமும் அவ்வாறே தன் முன் நின்ற உண்மையின் ஆழத்தளவே உயரவேண்டும் என்பது நம் கருத்து. ஆழமற்ற குட்டையில் ஆறடித் தண்டை நட்டுவைத்தால் அது பூவாகாது, கொடிக்கம்பமாகும்.

யாருக்கு என்ன இழப்பு?

“ஓர் இலை நீலமானால் உலகம் முழுகிவிடுமா?” என்று சிலர் நகைக்கலாம். 1982 பிப்ரவரி மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ், அட்டைக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக எகிப்தின் கூர்நுதிக் கோபுரங்களைக் கணினியால் நெருக்கி வைத்தது. அதுவும் அழகுக்காகச் செய்ததே. கண்டனம் எழுந்தது, நம்பிக்கைக்குப் பெயர்பெற்ற ஓர் இதழின் பெயரோடு அந்நிகழ்ச்சி இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்காலத்தில் அதற்குப் பெரும்பொருட் செலவில் பெரும்பொறி வேண்டியிருந்தது. 1990-இல் ஃபோட்டோஷாப் வந்தது. இன்றோ சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே அவ்வேலையை நொடியில் முடித்துவிடுகிறது.

தாமரையின் கதையையே கேளுங்கள். தாமரைப் பொகுட்டின் படத்தை மனித உடலின்மேல் கணினியால் ஒட்டி, கொடிய புழு நோய் என்று கதை கட்டி 2003-இல் மின்னஞ்சலில் உலகெங்கும் பரப்பினார்கள். எத்தனையோ பெண்கள் அஞ்சி நடுங்கினார்கள். விதை முற்றிய பொகுட்டைக் கையில் வைத்து விளையாடிய நம் பாட்டிமார் அப்படத்தைக் கண்டிருந்தால் ஒரு நொடியில் சிரித்திருப்பார்கள். செடியை அறிந்தவரை ஏமாற்ற முடியாது. அறியாதவரே அஞ்சினர். அந்த அறியாமையைப் பெருக்குவதுதான் திருத்திய படத்தின் முதல் தீமை.

இரண்டாவது தீமை இதனினும் பெரிது. பொய்ப் படங்கள் மலிந்தபின் மெய்ப்படத்தையும் எவரும் நம்புவதில்லை. கொலம்பியா நாட்டில் கான்யோ கிறிஸ்தாலெஸ் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் பாறைகளைப் பற்றி வளரும் மக்கரேனியா என்னும் நீர்ச்செடி ஆண்டில் சில மாதங்கள் செக்கச்செவேலென்று நிறம்கொள்ளும். அது முழுக்க இயற்கையே. அதன் படத்தை இன்று ஒரு மாணவனிடம் காட்டிப் பாருங்கள். “இது கம்ப்யூட்டரில் செய்தது” என்று பாராமலே சொல்லிவிடுகிறான். வியப்பு என்னும் செல்வத்தை அவனிடமிருந்து யார் பறித்தது? பச்சையை நீலமாக்கி, “எல்லாம் ஒன்றுதான்” என்று கைதட்டியவர்கள்தாம்.

இயற்கைப் படம் வலிமையற்றது, திருத்தினால்தான் எடுபடும் என்பதும் மெய்யன்று. 2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்னும் ஜெர்மானியக் கலைஞர், செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தைப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பிப் பரிசும் வென்று, அது புகைப்படம் அன்று என்று தாமே அறிவித்து, பரிசை ஏற்க மறுத்தார். மறு ஆண்டு அதற்கு நேர்மாறாக ஒன்று நிகழ்ந்தது. மைல்ஸ் அஸ்ட்ரே என்பவர், தலையை வயிற்றின் அடியில் வளைத்துக் கோதிக்கொண்டிருந்த பூநாரை ஒன்றின் மெய்ப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பினார். தலையில்லாத இளஞ்சிவப்புப் பந்து ஒன்று இரண்டு கால்களில் நிற்பதுபோன்ற அப்படம் அப்பிரிவில் மூன்றாம் பரிசையும் மக்கள் வாக்கையும் வென்றது. அது இயற்கை என்று தெரிந்ததும் விதிப்படி நீக்கப்பட்டது. இயற்கையின் அருவம் எந்திரத்தின் அருவத்துக்குச் சளைத்ததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் பக்கத்துக் குறை

வழக்குரைப்பவர் தம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. இயற்கைப் படமாயின் அதுவே போதும் என்று நாம் சொல்லவில்லை. 2020 நவம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளப்பாண்டி என்னும் ஊர்க் கால்வாய், இளஞ்சிவப்புப் பூக்களால் நிறைந்து கம்பளம் விரித்ததுபோல் ஆயிற்று. படங்கள் நாடெங்கும் பரவின. திருத்தம் ஏதும் இல்லாத மெய்ப்படங்கள் பல. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்றார்கள். செடியைப் பறித்து வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஆனால் அச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கபோம்பா என்னும் களை. நீர்வழியை அடைத்து உள்ளூர்ச் செடிகளை நெருக்குவது. நம் ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரையும் அழகிய ஊதாப்பூ உடையதே. படம் மெய் சொன்னது. பெயரும் ஊரும் இயல்பும் சொல்லப்படாமையால் பார்த்தவர் தவறாக அறிந்தனர். ஆகவே கலப்பற்ற படத்தோடு கலப்பற்ற பெயரும் வேண்டும். தாமரை அல்லாததைத் தாமரை என்று எழுதியது, நிறத்தை மாற்றியதற்குக் குறைந்த பிழையன்று.

நாம் செய்யத்தக்கவை

தமிழகத்துக் கிராமத்தில் வாழும் குழந்தைக்கு இவ்வழக்கால் பெரும் இழப்பு இல்லை. படம் பொய் சொன்னாலும் ஊர்க்குளம் உண்மையைச் சொல்லிவிடும். நம் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கி வந்து வளர்க்கும் நம் வீடுகளில், ஆம்பல், குவளை, நெய்தல், கழுநீர் என்பன முதலில் சொற்களாகவே வந்து சேருகின்றன. அச்சொல்லுக்குப் பொருளைக் காட்டுவது பெரும்பாலும் ஒரு படமே. அதுவும் பொய்யாகுமாயின், சொல் இருக்கும், பொருள் இராது. பொருளிழந்த சொல் இரண்டு தலைமுறைக்குமேல் நில்லாது என்பதைக் குடிபெயர்ந்த குடும்பங்களைவிட அறிந்தவர் யார்?

ஆதலால் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். கணினியால் படைக்கும் கலையை நாம் இகழவில்லை. குளிர்நாட்டு ஓவியர் மோனே தம் வீட்டுக் குளத்து அல்லிகளைச் சுமார் 250 ஓவியங்களாகத் தீட்டினார். விருப்பப்படி வண்ணம் குழைத்தார். இலை இப்படியா இருந்தது என்று எவரும் அவரை வழக்கிற்கு இழுக்கவில்லை. ஏனெனில் அவர் அதை ஓவியம் என்றே சொன்னார். நம் இளைஞரின் நீல வட்டமும் அவ்வாறே கணினி ஓவியம் என்னும் பெயரோடு தனிப் பிரிவில் வரட்டும், அங்கே முதற்பரிசும் பெறட்டும், நாமும் கைதட்டுவோம். புகைப்படம் என்னும் பிரிவில், முன் நின்ற பொருளில் கூட்டலும் குறைத்தலும் செய்யாத படமே ஏற்கப்படட்டும். ஐயம் எழுந்தால் காமிரா பதிந்த மூலத்தைக் காட்டும்படி கேட்பது அவமதிப்பு ஆகாது. ஒவ்வொரு படத்தின் கீழும் செடியின் தமிழ்ப் பெயர், நாம் வாழும் மண்ணில் அதற்கு வழங்கும் பெயர், எடுத்த ஊர், நாள், செய்த மாற்றம் ஆகியவற்றை எழுதி வைப்போம். ஆம்பலின் பக்கத்தில் ஷாப்லா என்று எழுதினால் தமிழ் குறைந்துவிடாது. கன்னட நாட்டில் வாழும் நம்மவர் அல்லிக்கு அங்கே நைதிலெ என்று பெயர் வழங்குவதைக் காண்பர். நம் நெய்தல் அச்சொல்லின் உள்ளிருந்து நகைப்பதையும் காண்பர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, குழந்தைகளைக் குளத்துக்கு அழைத்துச் செல்வோம். இந்நகரைச் சுற்றிக் குளங்களுக்குப் பஞ்சமில்லை. கிழக்கே விரிந்து கிடக்கும் ஈரநிலங்கள் 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முதன்மை பெற்றவை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அங்கே போய், ஆம்பல் இலையின் பிளவை ஒரு விரலால் தடவிப் பார்க்கச் சொல்வோம். தாமரை இலைமேல் ஒரு கை நீரை விட்டு, அது உருண்டோடுவதைப் பார்க்கச் சொல்வோம். அதன்பின் எந்தப் படமும் அக்குழந்தையை ஏமாற்றாது.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு அவள் தாத்தா அன்று விடை சொல்லவில்லை. பரிசு பெற்ற படத்தைக் குறை சொல்லக் கூசினார் போலும். அவளைக் கடைசிச் சுவருக்கு அழைத்துச் சென்று முறிந்த தண்டுகளின் படத்தைக் காட்டினார். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “இது எந்தக் குளம் தாத்தா? நாம போகலாமா?” என்றாள். நீல வட்டத்தின் முன் நின்றபோது அக்கேள்வி அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அழைத்துச் செல்ல அப்படி ஒரு குளம் எங்கும் இல்லை.